வலைப்பந்தாட்டம் வளர்ந்த வீடு

எமது பாடசாலையில் படித்தவர்களுக்கு வலைப்பந்தாட்டத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜி.எஸ். என்றும் சென்ரர் என்றும் எழுதிய துணியை நெஞ்சில் கட்டிக்கொண்டு திடலில் நின்றவர்களும், கரையில் நின்று தமது இல்லத்தின் பெயரைத் தொண்டை கட்டும்வரை கூவியவர்களும் இம்மலரின் வாசகியராக உலகெங்கும் இருக்கிறார்கள். பந்து கையில் வந்ததும் கால் நகரக்கூடாது என்ற விதி, எத்தனை பாடங்கள் மறந்தாலும் மறக்காத ஒன்று. ஆனால் இந்த விளையாட்டு எவ்வழியாக எம்மிடம் வந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

அந்த வழியைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், அது இங்கிலாந்தில் ஒரு சுவீடன் நாட்டுப் பெண் நடத்திய வீட்டின் வாசலில் போய் நிற்கிறது. அவர் இளவயதில் பெயர் பெற்ற வீராங்கனை அல்லர். முப்பது வயதுவரை வேறு வேலைகள் பார்த்தவர். பின்னர் தொழிலை மாற்றி, நல்ல சம்பளமுள்ள உத்தியோகம் ஒன்றைப் பெற்று, அதையும் விட்டுவிட்டு, இளம் பெண்களுக்கு உடற்பயிற்சியும் விளையாட்டும் கற்பிக்கும் தனியார் கல்லூரி ஒன்றைத் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கியவர். பெயர் மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க். அவரது கதையை ஒரு பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் தொடங்கியதை உலகுக்குப் பொதுவாக்கியவர்கள் அவரிடம் படித்து வெளியேறிய பழைய மாணவியரே.

முப்பது வயதில் மாணவி

மார்ட்டினா 1849 ஆம் ஆண்டு ஒக்டோபர் 7 ஆந் திகதி தென் சுவீடனில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில. வசதியான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவற்றில் ஒன்று. அவரும் அதைச் செய்தார். பின்னர் சுவீடிஷ் மொழியில் அப்பொழுது தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தின் பணிமனையில் நூலகராக இருந்தார்.

ஸ்டொக்ஹோமில் பெர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 இல் தொடக்கிவைத்த உடற்பயிற்சி நிறுவனம் ஒன்று இருந்தது. கருவிகளை அதிகம் நம்பாமல், உடலின் ஒவ்வொரு பாகத்தையும் முறைப்படி இயக்கிப் பழக்கும் லிங்கின் முறை ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. 1864 முதல் அந்நிறுவனம் பெண்களையும் ஏற்றுக்கொண்டது. 1879 இல், முப்பது வயதை எட்டும் நிலையில், மார்ட்டினா அங்கே மாணவியாகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், பயிற்சி முறை என்று அடியிலிருந்து படித்துத் தேறினார். இந்த இரண்டு ஆண்டுகளே பின்னால் வந்த அனைத்துக்கும் அத்திவாரம். விருப்பம் ஒன்றை மட்டும் நம்பி அவர் தொழிலில் இறங்கவில்லை.

இலண்டன் உத்தியோகம்

1870 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்பின் இலண்டன் மாநகரில் பொதுப் பாடசாலைகளை நடத்த ஒரு கல்விச் சபை அமைந்திருந்தது. பெண்பிள்ளைகளின் பாடசாலைகளிலும் பாலர் பாடசாலைகளிலும் உடற்பயிற்சியை மேற்பார்வை செய்யும் பதவிக்கு அச்சபை 1881 இல் மார்ட்டினாவை நியமித்தது. அவருக்கு முன் அப்பதவியை வகித்த கொன்கோடியா லொவ்விங் என்பவரும் சுவீடன் நாட்டவரே.

அன்றைய சூழலை நினைவிற் கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிப் படித்தால் பெண்ணின் உடல் கெடும், தாய்மை பாதிக்கப்படும் என்று பெயர்பெற்ற மருத்துவர்களே எழுதிய காலம் அது. ஹென்றி மோட்ஸ்லி என்ற மருத்துவர் 1874 இல் அவ்வாறு எழுதினார். அதே ஆண்டில் எலிசபெத் கறெற் அன்டர்சன் என்ற பெண் மருத்துவர் அதற்கு மறுப்பு எழுதினார். படிப்பே கெடுதி என்றால் ஓட்டமும் தாண்டுதலும் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எமது பாட்டிமார் காலத்தில் “பொம்பிளைப் பிள்ளை துள்ளக்கூடாது” என்று சொல்லப்பட்டதே, அதே பேச்சு அங்கே மருத்துவ மொழியில் சொல்லப்பட்டது.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியைகளுக்கு மார்ட்டினா பயிற்சி கொடுத்தார். சுமார் 300 பாடசாலைகளில் சுவீடிஷ் உடற்பயிற்சி இடம்பிடித்தது. கணக்கில் இது பெரிய வெற்றி. ஆயினும் அவருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. ஏழைப் பகுதிகளில் பிள்ளைகள் பசியோடு பாடசாலைக்கு வந்தனர். நெருக்கடியான அறைகளில் மேசைகளுக்கு இடையில் நின்று கைகளை உயர்த்துவது மாத்திரமே அவர்களுக்கு முடிந்தது. உணவும் காற்றும் இல்லாத உடலுக்குப் பயிற்சி என்ன செய்யும் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஓய்வு நேரத்தில் சில நாட்கள் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இதை ஒரு தொழிலாக ஏற்று நடத்த மாட்டார்கள் என்பதையும் அவர் கண்டார்.

உத்தியோகத்தை விட்டவர்

1885 இல், இன்னும் சபையின் உத்தியோகத்தில் இருக்கும்போதே, வட இலண்டனின் ஹாம்ஸ்ரெட் பகுதியில் ஒரு வீட்டை எடுத்துப் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அடுத்த ஆண்டு சுவீடனில் ஆசிரியராக இருந்த எட்வின் ஓஸ்டர்பேர்க் என்பவரை மணந்தார். திருமணமானால் ஆசிரியை வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அவர் விடவில்லை. கணவர் சுவீடனிலும் மனைவி இங்கிலாந்திலுமாகப் பெரும்பாலும் வாழ்ந்தனர். சபையின் பதவியை 1887 அளவில் துறந்து, முழுநேரமும் கல்லூரிக்கே கொடுத்தார்.

இது தர்மத்துக்கு நடத்திய கல்லூரி அன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திய தொழில். அதன் கணக்கும் அவரிடம் தெளிவாக இருந்தது. 1870களிலிருந்து இங்கிலாந்தில் பெண்களுக்கான புதிய உயர்தரப் பாடசாலைகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. 1872 இல் பங்குகள் விற்றுத் தொடங்கப்பட்ட ஒரு கம்பனியே இவற்றிற் பலவற்றை நடத்தியது. இப்பாடசாலைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியைகள் தேவை. ஆனால் முறையாகப் பயின்றவர்கள் நாட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே ஓஸ்டர்பேர்க் அம்மையார் முன்வந்தார். தம்மிடம் வருகின்ற பெண் இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியேறும்போது சொந்தக் காலில் நிற்கத்தக்க ஒரு தொழிலோடு வெளியேற வேண்டும் என்பது அவரது கொள்கை. பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். சம்பாத்தியம் இல்லாமல் சுதந்திரம் இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1895 இல் கல்லூரி கென்ற் மாவட்டத்தில் டாட்போட் என்ற ஊருக்கு மாறியது. கிங்ஸ்ஃபீல்ட் என்ற பெரிய வீடு. சுற்றிவர 14 ஏக்கர் நிலம். நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு நிலத்தையும் கட்டிடத்தையும் பொறுப்பேற்பது அன்றைய பெண்ணுக்குச் சிறிய காரியம் அன்று. காலையில் உடற்கூற்றியல், சுகாதாரம் முதலிய பாடங்கள், அதன்பின் உடற்பயிற்சி, பின்னேரத்தில் கிரிக்கெட், ஹொக்கி, லக்ரோஸ், நீச்சல் என விளையாட்டுகள். மாணவியர் அயலிலுள்ள பாடசாலைகளுக்குச் சென்று கற்பித்தும் பழகினர். அவரை எல்லோரும் “மடாம்” என்றே அழைத்தனர். கண்டிப்பு மிகுந்தவர். தகுதி இல்லை என்று கண்டால் இடையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நீளப் பாவாடையும் இறுக்கிய இடுப்புக் கச்சும் அணிந்துகொண்டு எவரும் ஓட முடியாது. மேரி ரெயிற் என்ற மாணவி 1890களின் தொடக்கத்தில், தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும் கையில்லாத கவுண் ஒன்றை வடிவமைத்தார். உடற்பயிற்சிக்கென்று இக்கல்லூரியில் தைக்கப்பட்ட அந்த உடை, பின்னர் பிரித்தானியப் பாடசாலைகளின் சீருடையாகவே மாறிவிட்டது.

கூடையிலிருந்து வளையத்துக்கு

அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1891 இல் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். இரண்டு ஆண்டுகளில், அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் ஓஸ்டர்பேர்க்கின் மாணவியருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். மண்டபத்தின் இரு சுவர்களிலும் காகிதக் கூடைகளைத் தொங்கவிட்டு ஆடினார்களாம். கல்லூரி டாட்போட்டுக்கு வந்தபின் விளையாட்டு வெளியே புற்றரைக்கு இறங்கியது. இன்னொரு அமெரிக்கப் பெண் வந்து, அங்கே பெண்கள் ஆடும் முறையைக் காட்டினார். கூடைக்குப் பதில் வளையம் வந்தது. பந்து பெரிதாயிற்று. திடல் மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது விலக்கப்பட்டு, எறிதலும் பிடித்தலும் ஆட்டத்தின் உயிராயின. நாம் “நெற்போல்” என்று அழைக்கும் விளையாட்டின் உருவம் இப்படித்தான் தெளிந்தது.

இதைத் தனியொருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்வது பொருந்தாது. வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், மாணவியர் ஆடிப்பார்த்து மாற்றினார்கள். அப்படி ஆடிப்பார்க்க ஓர் இடத்தையும் நேரத்தையும் பெண்களுக்கென்று உண்டாக்கிக் கொடுத்தமையே அம்மையாரின் பங்கு.

பழைய மாணவியர் எழுந்தபோது

1899 இல் இக்கல்லூரியில் படித்து வெளியேறி ஆசிரியைகளாக இருந்தவர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். லிங்கின் பெயரால் அது லிங் சங்கம் எனப்பட்டது. மற்ற இடங்களில் பயின்றவர்களையும் சேர்த்துக்கொள்வது, எல்லோருக்கும் பொதுவான தராதரம் வகுப்பது, தொழிலின் மதிப்பைக் காப்பது என்பன அதன் நோக்கங்கள்.

மடாமுக்கு இது பிடிக்கவில்லை. தம் கல்லூரியின் தனித்தன்மை கரைந்துபோகும் என்று அவர் அஞ்சினார். அதில் சேராமல், தம் மாணவியருக்கென்று மட்டும் வேறொரு சங்கத்தை அமைத்தார். ஒரு தொழிலைத் தம் உழைப்பால் வளர்த்தவர் அதைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்புவது இயல்பு. ஆனால் பழைய மாணவியர் பின்வாங்கவில்லை. குருவின் மீது மரியாதை குறையாமலே தமது வழியில் நின்றனர். 1901 இல் லிங் சங்கமே வலைப்பந்தாட்டத்தின் விதிகளை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டது. 250 பிரதிகள் அச்சாயின. அந்தச் சிறு புத்தகம் இல்லாவிடின், டாட்போட்டில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் ஆடப்பட்டு, அந்த விளையாட்டு ஒரு கல்லூரியின் மதிலுக்குள்ளேயே முடிந்திருக்கக்கூடும்.

அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் தாமும் கல்லூரிகள் தொடங்கினர். அவரிடம் படித்த றோடா அன்ஸ்ரி 1897 இல் ஒன்றைத் திறந்தார். இலண்டன் கல்விச் சபையில் அவரோடு பணியாற்றிய மார்கரெட் ஸ்ரான்ஸ்ஃபீல்ட், பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தபின், 1903 இல் பெட்ஃபோட் நகரில் தமது கல்லூரியைத் தொடங்கினார். அவரும் அப்போது நாற்பதைக் கடந்தவர்.

1915 இல் தமது மறைவுக்குச் சிறிது முன்னர் ஓஸ்டர்பேர்க் அம்மையார் கல்லூரியைத் தர்மகர்த்தாக்களிடம் கையளித்தார். முப்பது ஆண்டுகள் தம் பெயரில் நடத்திய தொழிலைப் பொதுச் சொத்தாக விட்டுச் சென்றார். ஆரம்பத்தில் கைக்குள் வைத்திருக்க விரும்பியவர் இறுதியில் விட்டுக்கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவரிடம் குறைகளும் இருந்தன. இனத்தின் வலிமை, பேரரசின் மேன்மை என்று அக்கால ஐரோப்பியர் பேசிய பேச்சை அவரும் பேசினார். கட்டணம் கட்டக்கூடிய குடும்பத்துப் பெண்களே அவரது கல்லூரிக்குள் வர முடிந்தது. இலண்டனில் எந்தப் பிள்ளைகளின் பசியைக் கண்டு மனம் வருந்தினாரோ, அந்தப் பிள்ளைகளுக்கு அவரது வாசல் திறக்கவில்லை.

எமது திடலுக்கு

பயிற்சி பெற்ற ஆசிரியைகள் மூலமாகவும் பெண் சாரணியர் இயக்கத்தின் மூலமாகவும் வலைப்பந்தாட்டம் பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்குப் பரவியது. 1920களில் இலங்கையிலும் பெண் சாரணியரும் பெண்கள் பாடசாலைகளும் இதை ஆடத் தொடங்கினர். ஆரம்பத்தில் இங்கும் அது ஆங்கிலம் படித்த, கட்டணம் கட்டிய பிள்ளைகளின் விளையாட்டாகவே இருந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியே அந்த வாசலை அகலத் திறந்தது. இரண்டு கம்பமும் ஒரு பந்தும் சமமான நிலத்துண்டும் போதுமான விளையாட்டாகையால், கிராமத்துப் பாடசாலைகளும் அதைத் தமதாக்கிக் கொண்டன. பணம் கட்டியவர்களுக்கென ஹாம்ஸ்ரெட் வீட்டில் தொடங்கியது, பணம் கட்டாத பிள்ளைகளின் கைக்கு இப்படித்தான் வந்தது.

விதிகளை உலகம் முழுவதற்கும் ஒன்றாக்கியதில் எமது நாட்டுக்கு ஓர் இடமுண்டு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இவ்விளையாட்டு “பெண்கள் கூடைப்பந்து” என்ற பெயரிலேயே ஆடப்பட்டது. நியூசிலாந்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் ஆடினர். 1960 இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, பொது விதிகளை ஏற்றுச் சர்வதேச அமைப்பு ஒன்றை உருவாக்கிய இடம் இலங்கை. மூன்று ஆண்டுகளின்பின், 1963 இல், இங்கிலாந்தின் ஈஸ்ற்போணில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. அதன் பின்வந்த காலத்தில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தைப் பலமுறை வென்றது. 2018 இல் வென்ற அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர். எமது பிள்ளைகள் அவரது பெயரைச் சொல்லியே வளையத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது நூற்றாண்டுக்கு

இன்று பாடசாலை முடிந்ததும் எமது மாணவியர் திடலுக்கு அல்ல, தனியார் வகுப்புக்கே ஓடுகின்றனர். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் “இனி விளையாட்டுப் போதும்” என்ற சொல் வீடுகளில் எழுகிறது. ஆண்பிள்ளைகள் அதன்பின்னும் ஒழுங்கையில் பந்தடிக்கிறார்கள். பெண்பிள்ளை அத்தோடு நின்றுவிடுகிறாள். பாடசாலைக்கு வெளியே நீச்சலும் பூப்பந்தும் பழக்கும் இடங்கள் பெருகிவருகின்றன என்பது நல்ல செய்தியே. ஆனால் மாதக் கட்டணம் கட்டக்கூடியவரே அங்கே போக முடியும். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் எழுந்த கேள்வி இங்கே இன்னமும் தீரவில்லை.

எம்மில் பலர் நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் பல ஆண்டுகள் கழித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வயது அது. புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் கையில் நேரம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலருக்காவது சிறுவர் விளையாட்டை ஒரு தொழிலாக நடத்தும் எண்ணம் இருக்கலாம். “இந்த வயசிலோ?” என்று கேட்பவர்களுக்கு, முப்பதில் மாணவியாகச் சேர்ந்து நாற்பத்தைந்தில் 14 ஏக்கரைப் பொறுப்பேற்ற பெண்ணின் வரலாறு விடை சொல்லும். முதலில் முறையாகப் பயில வேண்டும் என்பதையும் அவ்வரலாறு சேர்த்தே சொல்கிறது. பிள்ளையின் முழங்காலும் முள்ளந்தண்டும் பயிலாதவர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல.

கட்டணம் வாங்குவதில் தவறில்லை. வாங்காவிட்டால் எந்த முயற்சியும் நிலைக்காது. ஆனால் கட்ட முடியாத பிள்ளைக்கு எத்தனை இடம் என்பதைத் தொடங்கும் அன்றே எழுதிவைக்க வேண்டும். அந்த இடங்களுக்கான செலவை ஏற்பதற்கு ஒரு பழைய மாணவியர் சங்கத்தை விடப் பொருத்தமானவர் யார்? பாடசாலைக்குப் பந்தும் சீருடையும் வாங்கி அனுப்புவது நாம் வழக்கமாகச் செய்வது. அவை இரண்டு பருவத்தில் தேய்ந்துவிடும். பயிற்றுநராக விரும்பும் இளம் பழைய மாணவி ஒருவருக்கு முறையான பயிற்சி பெற உதவினால், அவர் முப்பது ஆண்டுகள் திடலில் நிற்பார்.

டாட்போட் கல்லூரி 1976 இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் அது இல்லை. அங்கே பிறந்த விதிகளின்படி நாளை பின்னேரமும் எமது திடலில் விசில் ஊதப்படும். அவ்வேளையில் திடலுக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறையாமல் பார்த்துக்கொள்வது, நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட எமது சங்கத்தின் பொறுப்பாகட்டும்.